ரெண்டு பூந்தொட்டி

"மீசையை ஒழுங்கு பண்ணு தம்பி. அப்படியே மையும் அடிச்சு விட்டுடு."

டிராயிங் மாஸ்டர் இப்படிக் கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

முந்தின நாள் வந்த சுழல்காத்து, தெருவுல எங்க பக்கத்தை மட்டும் வாரிச் சுருட்டிக்கிட்டுப் போயிடுச்சு. என் சலூன்ல மிஞ்சினது நாற்காலியும் கண்ணாடியும்தான். சுவரு இல்ல, கூரை இல்ல. கண்ணாடி முழுக்க வானம். இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கிற மாதிரி அப்படி ஒரு நீலம்.

அதுக்குக் கீழே, மாஸ்டர் தோளுக்குப் பின்னால, அவர் வீடு இருந்த இடம் தெரிஞ்சுது. மாடிப்படி மட்டும் தனியா மேல ஏறிப் போய் நின்னுது. உச்சிப் படியில ஒரு திரைச்சீலை சாவகாசமா ஆடிக்கிட்டிருந்துச்சு. டிவிக்காரங்க விடிஞ்சதுலேர்ந்து அதைத்தான் படம் பிடிக்கிறாங்க.

எதிர்ப்பக்க மருந்துக்கடைக்காரருக்கு ஒரு கீறல்கூட இல்ல. வாய் சும்மா இருக்குமா? வீடு தரைமட்டம், பொண்டாட்டி ஆஸ்பத்திரியில, மனுஷனுக்கு மாப்பிள்ளைக் கோலம் கேக்குதாக்கும்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னார். எனக்கு எரிச்சலா வந்துச்சு.

மாஸ்டர் கண்ணை மூடிக்கிட்டார். நான் நுரை தடவி மழிச்சேன்.

மையும் அடிச்சு முடிச்சதும் கையை நீட்டினார். நகம் பூரா சிமெண்ட் தூசி.

"இதையும் எடுத்துடுப்பா. நாளைக்கு அவளுக்கு ஹார்ட் ஆபரேஷன். ரெண்டு பூந்தொட்டி உடைஞ்சுது, வேற ஒண்ணுமில்லைன்னு சொல்லி வச்சிருக்கேன். கொஞ்சம் தூசி இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவா."

அதைக் கேட்ட மருந்துக்கடைக்காரர் உள்ளே போனார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒண்ணைக் கொண்டுவந்து மாஸ்டர் மடியில வச்சுட்டுப் போயிட்டார்.

மாஸ்டர் அதைப் போட்டுக்கிட்டு, கண்ணாடியைப் பார்த்து ஒரு தடவை சிரிச்சுப் பழகினார். சரியா வரல. இன்னொரு தடவை சிரிச்சார். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

நான் கத்தியைத் துடைச்சு வச்சேன். காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து மாஸ்டரம்மா எனக்குப் போன் பண்ணினதை யார்கிட்டயும் மூச்சு விடல.

"டிவியில எங்க வீட்டைப் பார்த்துட்டேன் தம்பி. அவர் உன்கிட்டதான் வருவாரு, நல்லா பண்ணி அனுப்பு. பூந்தொட்டி உடைஞ்சதுக்கு அவரை நாலு திட்டு திட்டணும். அப்பதான் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நம்பி நிம்மதியா இருப்பாரு."