மணமேடையில் தேன் நிறக் கண்கள்

"போன முகூர்த்தத்துப் பொண்ணுக்கும் இதேதான் போட்டேன், எல்லாரும் அசந்துட்டாங்க" என்று சொல்லித்தான் மேக்கப் அக்கா தேன் நிற லென்ஸை மாட்டிவிட்டிருந்தாள். மணமேடையில் ஓமப் புகை எழுந்ததும் சங்கமித்திரைக்குக் கண்கள் மிளகாய் பட்டதுபோல எரிந்து, தாரை தாரையாக நீர் கொட்டியது. பிறந்த வீட்டைப் பிரியும் துக்கம் என்று நினைத்து அம்மா அழ, அம்மாவைப் பார்த்துச் சித்திகளும் அழுதார்கள். வீடியோக்காரர் கிட்டத்தில் வந்து எடுத்தார். மஞ்சளும் நெய்யும் பிசுபிசுத்த விரலை அவள் கண்ணுக்குக் கொண்டுபோனபோது மாப்பிள்ளை திருமாறன் பிடித்துக்கொண்டான். போட்டோவுக்குக்கூடக் கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்று காலையிலிருந்து அடம்பிடித்தவன்.

"லென்ஸா? இந்தக் கையோட தொடாத. லென்ஸோட தூங்கி, கண்ணுல புண்ணு வந்து கிடந்தவன் நான்."

"தாலி ஏறாம மணையை விட்டு எழுந்திரிக்கக் கூடாது, முகூர்த்தம் போயிடும்" என்று அத்தை பதறுவதற்குள் இருவரும் பந்திக்கூடத்துக் குழாயடிக்குப் போய்விட்டார்கள். சாப்பிட்டு வந்தவர்கள் எச்சில் கையோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, லென்ஸ் இரண்டையும் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"தாலி கட்டினதும் நேரா கண் டாக்டர்கிட்டதான்" என்றபடி அவளைக் கைபிடித்து மேடைக்குக் கூட்டிவந்தான்.

புரோகிதர் அந்தக் கைகளைப் பார்த்தார். "கையைப் பிடிக்கிறது தாலிக்கு அப்புறம்தாம்மா."

"கண்ணு இன்னும் கலங்கலாத்தான் இருக்கு சாமி, விட்டா விழுந்துடுவேன்" என்றாள்.

அவன் கண்ணாடியில் தன் சிவந்த கண்கள் அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தன.