பிறை ஒட்டிய ஜாக்கெட்

டார்ச்சை அணைக்கச் சொல்லி நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது.

இவள் பதறி அணைத்தாள்.

வெள்ளை வெளிச்சம் இங்கே ஆகாதாம். இருட்டுக்குப் பழகிய கண் ஒரு நொடியில் கெட்டுவிடுமாம். சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்தான் அடிக்க வேண்டுமாம். வந்ததும் வராததுமாகக் குற்றவாளி ஆகிவிட்டாள்.

"பரவால்ல விடுங்க, புதுசு" என்று யாரோ சொன்னார்கள்.

இவள் கணவன் சொல்லவில்லை.

குணசீலன் பெரிய தொலைநோக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வேனை விட்டு இறங்கியதிலிருந்து இவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஊரில் அமாவாசை என்றால் விரதம், காக்கைக்குச் சோறு. இவள் வீட்டில் அமாவாசை என்றால் புருஷன் ஜவ்வாது மலைக்குக் கிளம்பும் நாள். வருஷக்கணக்காக இதுதான் கூத்து. இவள் காய்ச்சலில் கிடந்தாலும் நிற்க மாட்டான். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். ரெண்டு நாள் தாங்கும். அப்புறம் பழைய உர்ரென்ற முகம்.

அந்த வானத்தில் அப்படி என்னதான் கொட்டிக் கிடக்கிறது, அதில் தனக்கும் கொஞ்சம் கிடைக்காதா என்று பார்க்கத்தான் வந்திருந்தாள். குடும்பத்தோடு வரலாம் என்று அந்த வானம் பார்க்கும் கிளப்பில் சொன்ன ஒரே அமாவாசை இது.

குளிரில் பல் தந்தியடித்தது.

"அக்கா, என்னோடதப் போட்டுக்குங்க. எங்கிட்ட ஸ்வெட்டர் இருக்கு."

சுகிர்தா. கிளப்பின் செயலாளர். வேனில் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கொடுத்தவள். நல்ல பெண் என்று அப்போதே தோன்றியது.

தலையை மூடும் தொப்பி வைத்த கனத்த ஜாக்கெட். அதன் கையில் மங்கலாக ஒளிரும் ஒரு பிறை.

அதுவும் இவர்கள் பழக்கம்தான். இருட்டில் முகம் தெரியாது. அதனால் ஆளுக்கொரு ஒளிரும் ஸ்டிக்கர். ஒருவருக்கு வட்டம், ஒருவருக்கு மீன், குணசீலனுக்கு அம்பு. சுகிர்தாவுக்குப் பிறை.

குடும்பங்கள் எல்லாம் பாறைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்க் டீயோடு உட்கார்ந்துவிட்டன. இவள் மட்டும் எழுந்து தடவித் தடவி இந்தப் பக்கம் வந்தாள்.

தொலைநோக்கியில் சாத்தியிருந்த ஏணிக்குப் பக்கத்தில் அம்பு ஒளிர்ந்தது.

"வா" என்றான்.

அப்படியொரு 'வா'வை வீட்டில் கேட்டதில்லை. கால் ஒரு கணம் நின்றுவிட்டது.

அவன் இவள் கையைப் பிடித்தான். "ஐயோ, கை என்ன இப்படி ஜில்லுனு இருக்கு?" என்று சொல்லி இரண்டு கைகளையும் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தான். குனிந்து, வாயால் ஊதிச் சூடாக்கினான்.

வராமல் இருந்திருந்தால் இது தெரியாமலே போயிருக்குமே! இவனையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது. பேசினால் அழுதுவிடுவோம் என்று பேசாமல் ஏணியில் ஏறினாள். அவன் கை முதுகில் தாங்கலாக இருந்தது.

கண்ணை வைத்தாள். வெறும் இருட்டு.

"நேரா பாக்காத. கொஞ்சம் தள்ளி, ஓரமாப் பாரு. மங்கலானதெல்லாம் அப்பதான் தெரியும்."

ஓரமாகப் பார்த்தாள். மெல்லப் புகைபோல ஒரு வெளிச்சம் தெரிந்தது. அத்தனை தூரத்திலிருந்து வந்து, இவளுக்காகக் காத்திருந்ததுபோல் நின்றது. அழகாக இருந்தது.

அவன் காதருகே வந்தான்.

"என்ன, கோவமா? பேச மாட்டேங்கற? அவ வருவேன்னு ஒத்தக்கால்ல நின்னா, நான் என்ன பண்ணட்டும்? அடுத்த அமாவாசைக்கு நாம மட்டும்தான்."

அவ.

இவள் கண்ணை எடுத்துத் தன் கையைப் பார்த்தாள். பிறை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

வாயைத் திறந்தால் போதும். ஒரு சொல் போதும், இவள் குரல் அவனுக்குத் தெரியும். அப்படியே ஏணியிலிருந்து எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

முதுகில் இருந்த கை இன்னும் சூடாக இருந்தது.

பேசாமல் இறங்கினாள். பாறைக்கு அந்தப் பக்கம் போய் ஜாக்கெட்டைக் கழற்றிச் சுகிர்தாவிடம் கொடுத்தாள். அவள் அதைப் போட்டுக்கொண்டாள். பிறகு இவள் வெறும் சேலையோடு குணசீலனிடம் திரும்பி வந்தாள். அவன் சிவப்பு டார்ச்சை எதிரே பிடித்தான். முகத்தைப் பார்த்ததும் டார்ச்சைத் தாழ்த்தினான்.

இவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கை ஜில்லுனு இருக்குங்க."

"அதான் ஸ்வெட்டர் எடுத்துக்கன்னு அப்பவே சொன்னேன்ல? போய் வேன்ல உக்காரு."

கைகள் நீட்டியபடியே இருந்தன. அவன் தொலைநோக்கிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இவள் வேனுக்குப் போகவில்லை. நேராகச் சுகிர்தாவிடம் போனாள்.

"அந்த ஜாக்கெட்ட இன்னும் கொஞ்ச நேரம் குடு."

சுகிர்தா இவளைப் பார்த்தாள். ஏணிப் பக்கம் பார்த்தாள். ஜிப்பைக் கீழே இழுத்தாள்.

இவள் போட்டுக்கொண்டாள். தொப்பியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஏணியை நோக்கி நடந்தாள்.

கைகளைப் பைக்குள் விடவில்லை. ஜில்லென்றே இருக்கட்டும்.