சக்கரத்துக்குக் கல்

"கேபிள் நல்லாத்தான் இருக்கு பாய். பின்னுதான் மறுபடி காணோம். இந்த வருஷத்துல இது மூணாவது," என்றார், பழைய பிக்கப்புக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் அருணகிரி.

"நம்ம ரோடு அப்டி. புதுசு போடுப்பா," என்றார் முக்தார் அகமது. "ஹேண்ட்பிரேக் இல்லன்னா சக்கரத்துக்குக் கல்லு வைக்கணும்னு வீட்டுக்காரி கூடவே ஏறிக்கிறா. எனக்கு சுகராம், பிரியாணிக் கடை வாசல்ல வண்டிய நிறுத்தவே விடமாட்டேங்கிறா. பேஜாரா இருக்கு."

அருணகிரி புதுப் பின்னை மாட்டினார்.

மறுநாள் காலை, தோல் லோடுடன் தனியாகக் கிளம்ப வண்டியில் ஏறிய முக்தார் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பார்த்தார். தொளதொளவென்று ஆடியது.

மனைவி ஹலீமா பீ கல்லோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல."

மாத்திரை டப்பாவைத் திறந்தவள், உள்ளே கிடந்த நாலு பின்களை ஒதுக்கிவிட்டு, ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினாள்.