டைகர் தின்ற எலும்பு

"தொரை, டைகர் கோழி எலும்பத் தின்னுருச்சுங்க!"

எலும்புத் துண்டுகள் கிடந்த தட்டோடு பங்களா வராந்தாவுக்கு ஓடி வந்தார் சமையல்காரர் நல்லமுத்து. பின்னாலேயே டைகரும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. தோட்டத்துத் துரைக்குக் கையிலிருந்த தேநீர் கொட்டிவிட்டது. தேயிலை விலை சரிந்தபோதுகூட மனிதர் இப்படி ஆடிப்போனதில்லை.

"பச்சை எலும்பா, சமைச்சதா?"

"கறியில வெந்ததுங்க தொரை."

துரை அவசரமாகப் போனைத் தடவினார். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று போட்டிருந்தது. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மெத்தென்று ஏதாவது தின்னக் கொடுக்கலாம், மிருக வைத்தியரைக் கேட்பது நல்லது என்றும் இருந்தது. அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது.

நல்லமுத்து பாண் ரொட்டியைப் பாலில் நனைத்து வைத்தார். டைகர் ஒரே வாயில் விழுங்கிவிட்டு, இன்னும் வருமா என்று அவர் கையைப் பார்த்தது.

"வலிய மறைக்குது, பாவம்," என்றார் துரை. "இதுக்கு ஏதாச்சும் ஆச்சு, நாளைக்கே நீ மூட்டையக் கட்டு. டிரைவர், ஜீப்பை எடு! ஹட்டன் டவுன் மிருக வைத்தியர்கிட்டப் போ!"

தொழிலாளிக்கு வண்டி வேண்டுமென்றால் முதல் நாளே ஆபீசில் சொல்லி வைக்க வேண்டும் என்பது துரை போட்ட சட்டம். நோய் வரும் தேதி தெரியாத முட்டாள்கள் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான். நாய்க்கு அந்தச் சட்டம் கிடையாது.

டிரைவர் அழகன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பின்னால யாராச்சும் புடிச்சுக்கணுங்க தொரை," என்றார் நல்லமுத்து. "வளைவுல வெளிய குதிச்சிரும். எம்மக சுலக்ஷனா கிட்டத்தான் அது சும்மா இருக்கும்."

"கூப்பிடு, கூப்பிடு!"

கூப்பிட்ட கையோடு சுலக்ஷனா வந்துவிட்டாள். உடம்பெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தாயின் தோளைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தாள். பல்லைக் கடித்திருந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

துரைக்கு மனசு இளகிவிட்டது. வேலைக்காரர்களில் ஒருத்தியின் முகத்தை அவர் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். தன் நாய்மேல் இவளுக்கு இத்தனை பாசமா!

"அழாதம்மா. ஒன்னும் ஆகாது."

"கொஞ்சம் வெரசா போகச் சொல்லுங்க தொரை," என்றாள் அவள் மூச்சு வாங்க.

"கேட்டியா அழகன்? பறந்து போ!"

தாயும் மகளும் ஏறிக்கொள்ள, டைகர் முன் சீட்டில் குதித்து உட்கார்ந்துகொண்டது. ஜீப் பறந்தது.

துரைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. குசினி வாசலில் நல்லமுத்து சாமி படத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். வேலை போய்விடும் என்று பயப்படுகிறான் என நினைத்துக்கொண்டார் துரை.

ஒருவழியாகப் போன் அடித்தது. அழகன்தான்.

"என்னப்பா, பயப்பட ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க தொரை. நல்ல நேரத்துல கொண்டாந்தீங்கன்னாங்க."

துரை நெஞ்சில் கை வைத்து மூச்சை விட்டார். "அப்பாடா! டாக்டர் வேற என்ன சொன்னாரு?"

"தாயும் பொறந்த புள்ளயும் நல்லா இருக்காங்களாம், தொரை."