ஐந்தரை மணிக்குக் கிளம்புகிறவர்

அத்தை போனில் சொன்னதை மகளால் ஜீரணிக்க முடியவில்லை.

மறதி நோயில் தவிக்கும் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு, அப்பா தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு எங்கேயோ கிளம்பிவிடுகிறாராம். கூடப்பிறந்த அண்ணன்தான், ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்று அத்தை அங்கலாய்த்தாள்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள் மகள்.

கதவைத் திறந்த அப்பாவின் கையில் துடைப்பம். பஸ் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் மெக்கானிக்காக இருந்து ரிடையர் ஆனவர். வீட்டில் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடித்தவரில்லை. இப்போது சமையல், துவையல் எல்லாம் அவர்தான்.

அம்மாவுக்கு நல்லவேளையாக மகளை அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அப்பாவைக் கண்ணால் காட்டிக் கிசுகிசுத்தாள்.

"யாரோ ஒருத்தர், காலையிலேருந்து வீட்டுக்குள்ளயே நடமாடறார். தப்பா ஒண்ணும் நடந்துக்கல, சோறெல்லாம் போடறார். ஆனா உங்கப்பா வர்றதுக்குள்ள போயிடணுமே. பார்த்தா என்ன நினைப்பார்?"

அப்பாவின் காதில் அது விழாமல் இருந்திருக்காது. துணி மடிப்பதை அவர் நிறுத்தவில்லை.

ஐந்தரை ஆயிற்று. அப்பா பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார். அடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மாவின் எதிரே வந்து நின்றார்.

"அப்ப நான் கிளம்பறேங்க."

"சரிங்க" என்றாள் அம்மா, முகத்தைப் பார்க்காமலே.

மகளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அத்தை சொன்னதில் தப்பே இல்லை. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பின்னாலேயே போனாள்.

தெருவரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. மாடிப்படியில் ஆறே படி கீழே, வீட்டுக் கதவு கண்ணில் படுகிற மாதிரி அப்பா உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து கிரீஸ் அப்பிய ஒரு துணியை எடுத்து, உள்ளங்கையிலும் நகக்கண்ணிலும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. நான்தான் உன் புருஷன் என்று சொல்லிப் பார்த்தாராம், சத்தியம் பண்ணினாராம், கல்யாண போட்டோவைக்கூடக் காட்டினாராம். அம்மா பயந்து அழுததுதான் மிச்சம். ஒருநாள் சைக்கிள் செயினைச் சரிபண்ணிவிட்டு அழுக்குக் கையோடு உள்ளே வந்தபோது, தானாகவே அடையாளம் கண்டுகொண்டாளாம்.

"அரை மணி நேரம் இங்க உட்கார்ந்துட்டுப் போனா, புருஷனா உள்ள நுழையலாம். அவ்வளவுதாம்மா விஷயம்."

ஆறு மணிக்கு பெல்லை அடித்தார்.

கதவைத் திறந்த அம்மாவின் முகத்தில் பகலெல்லாம் இருந்த மிரட்சி இல்லை. இந்தக் கையோடு எதையும் தொடாதீர்கள் என்று உரிமையோடு அதட்டி, சோப்பை எடுத்து நீட்டினாள். அப்பா சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போனார்.

மகள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

அம்மா அவள் காதோடு வந்து சொன்னாள்.

"முன்னெல்லாம் சீட்டாட்டம், கூட்டாளிங்கன்னு வீடு வந்து சேர பத்து மணியாகும். நான் கதவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். இப்பதான்டி உங்கப்பாவுக்கு வீட்டு ஞாபகமே வந்திருக்கு."