மேஸ்திரியின் கால்மாட்டில்

கல்லறைத் திருநாள் சாயங்காலம். உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் கடற்காற்றுக்கு மெழுகுவர்த்திகள் நடுங்குகின்றன. பொய்ச்சாட்சி சொல்லித் தன் புருஷனைச் சிறையிலேயே சாகவைத்த மில் மேஸ்திரி ராயப்பனின் கல்லறைக் கால்மாட்டில் மதலேனம்மாள் நிற்கிறாள். உருகிய மெழுகு விரலில் வழிகிறது, அவள் உதறவில்லை. "நித்திய சீவியத்தை விசுவசிக்கிறேன்" என்று எல்லோரும் செபிக்கையில் அவள் குரல் மட்டும் பல்லிடுக்கிலிருந்து வருகிறது. கடைசி நாளில் கிழக்கே தோன்றும் ஆண்டவரைப் பார்த்து எழும்படி இங்கே எல்லோரையும் ஒரே முகமாகப் புதைத்திருக்கிறார்கள். "இந்த எடத்துலதான் என்னப் பொதைக்கணும், சூசை. ஆனா திருப்பிப் போடு, இவனப் பாத்தாப்ல." குழிவெட்டும் சூசை பதறிச் சிலுவை போட்டுக்கொள்கிறான். "ஆண்டவருக்கு முதுகக் காட்டிக்கினு எழுந்திரிப்பீங்களாம்மா?" "அவரு கொஞ்சம் பொறுத்துக்குவாரு. இவன் மொதல்ல எம் மூஞ்சில முழிக்கட்டும்."