மூன்றாம் நபர்

"நான் உனக்கு மூணாவது மனுஷியாடீ?" என்று கேட்டுக்கொண்டே உண்ணியப்ப டப்பாவை மேசையில் டொக்கென்று வைத்தாள் வத்ஸலா.

"நான் சொல்லலடீ, ஒப்பந்தம் சொல்லுது," என்றாள் ஸ்ரீகலா. "வேலையைக் குடுத்தவங்க ஒரு தரப்பு. வாங்கிச் செய்யற நான் ஒரு தரப்பு. மத்த எல்லாரும் மூன்றாம் நபர்."

"அப்போ உன் சுகுமாரேட்டன்?"

"கட்டின புருஷனும் மூன்றாம் நபர்தான். அவர்கிட்ட ஒண்ணு சொன்னா வடக்கே பஸ் ஸ்டாண்டுல மைக் வெச்சுச் சொன்ன மாதிரி."

வத்ஸலா கடகடவென்று சிரித்தாள். ஸ்ரீகலாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஸ்டுட்கார்ட்டில் பதினைந்து வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு திருச்சூர் திரும்பியவள் அவள். ஜெர்மன் காகிதங்களை வீட்டிலிருந்தபடியே மலையாளத்தில் மொழிபெயர்த்துத் தருகிறாள். கொச்சியில் ஒரு நிறுவனம். அங்கே பிஜு என்று ஒருவன் அனுப்புவான். யாருடைய காகிதம் என்று அவன் சொல்லமாட்டான், இவளும் கேட்கமாட்டாள். ரகசியம் காப்பதாக நாலு பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்து ஆறு வருஷமாகிறது. ஒரு சொல் வெளியே போனதில்லை.

போன வாரம் வந்ததுதான் அவளைப் படுத்தியெடுத்தது. ஒரு விவாகரத்துத் தீர்ப்பு. கணவன் பெயர் நிகேஷ், புளிக்கல் வீடு, குன்னம்குளம்.

அதே நிகேஷுக்கும் வத்ஸலாவின் ஒரே மகள் அனகாவுக்கும் நாளைக்கு நிச்சயதார்த்தம்! பிள்ளையில்லாத ஸ்ரீகலாவுக்கு அனகாதான் பிள்ளை. முதல் கல்யாணத்தை மறைத்து அந்தக் குடும்பம் பெண் கேட்டிருக்கிறது என்று நினைக்கும்போதே ஆத்திரமாக வந்தது. அந்த நாலு பக்கத்தைப் படித்துப் படித்துப் பார்த்துவிட்டாள். ஊருக்கே தெரிந்த விஷயமானால் சொல்லலாம். கோர்ட் கேட்டால் சொல்லலாம். தோழியின் மகள் ஏமாறப் போகிறாள் என்றால் சொல்லலாம் என்று எங்கேயும் இல்லை.

"இந்த வாய்ப்பூட்டு எத்தனை நாளைக்கு?" வத்ஸலா கட்டஞ்சாயாவை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"வேலை முடிஞ்சு அஞ்சு வருஷம்."

"அஞ்சு வருஷமா? நல்லது, நல்லது. கம்ப்யூட்டர்ல நகல் ஏதாவது கிடக்குமோ?"

"அனுப்பின அன்னிக்கே அழிச்சிடணும். அதுவும் எழுதியிருக்கு. உனக்கென்னடீ இன்னிக்கு இவ்வளவு கேள்வி? மொழிபெயர்க்கக் கிளம்பிட்டியா?"

"தெரிஞ்சு வெச்சுக்கறேனே. அப்போ யார்கிட்டதான் வாயைத் திறக்கலாம்?"

"காகிதத்தைக் குடுத்தவங்ககிட்ட மட்டும். அவங்க விஷயம் அவங்களுக்கே தெரியும், அதுல என்ன ரகசியம்?"

வத்ஸலா தலையாட்டிக்கொண்டே ஒரு உண்ணியப்பத்தை வாயில் போட்டாள். பிறகு நாளைய கதை ஆரம்பமானது. அறுபது பேருக்குச் சத்யை விருந்து, நாலு வகைப் பாயசம், அப்புறம் அவளுடைய நாத்தனார் தங்கமணி. "அவளுக்கு மட்டும் ஒரு சின்ன ஓட்டை கிடைச்சா போதும்டீ, பந்தலிலேயே நின்னு கத்தி நிச்சயத்தை நிறுத்திடுவா."

"பையனைப் பத்தி நல்லா விசாரிச்சியா?" ஸ்ரீகலா டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"விசாரிக்காம இருப்பேனா?"

"ஜெர்மனியில?"

"அங்கேயும்தான். தங்கமான பையன்." வத்ஸலா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "சரி, வரேன். பூக்காரனுக்குச் சொல்லணும். நாளைக்கு ஒன்பது மணிக்கே வந்துடு."

அடிப்பாவி, இப்படி நம்பிக்கொண்டு போகிறாளே! வத்ஸலா வாசலைத் தாண்டுவதற்குள் ஸ்ரீகலா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லுடீ. என் பேரை அந்த பிஜு இன்னிக்கே அடிச்சுத் தள்ளட்டும், கேஸ் போடட்டும், எனக்குக் கவலையில்ல. அந்தப் பையனுக்கு ஏற்கனவே கல்யாணமாகி டைவர்ஸ் ஆயிருக்கு. தீர்ப்பை மொழிபெயர்த்ததே நான்தான்!"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். ஆறு வருஷம் கட்டிக்காத்த பெயர் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. போனால் போகிறது, பெண் பிழைத்தாளே.

வத்ஸலா அலறவில்லை, மயங்கியும் விழவில்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினாள். கைப்பையைத் திறந்து மடித்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஸ்ரீகலாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். மொழிபெயர்த்தவர் போடவேண்டிய முத்திரையும் கையெழுத்தும் அங்கே பளிச்சென்று இருந்தன. ஸ்ரீகலாவுடையவை!

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே அவன் எங்ககிட்டயும் அனகாகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டான். எழுத்துல பார்க்கணும்னு தீர்ப்பைக் கேட்டு வாங்கினேன். ஊருக்குள்ள மூச்சு விடக்கூடாதுன்னு நான்தான்டீ அதைக் கொச்சிக்கு அனுப்பினேன். அது சுத்திச் சுத்தி உன் மேசைக்கே வந்திருக்கு!" வத்ஸலா புடவைத் தலைப்பால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழாதே, காகிதத்தோட சொந்தக்காரிகிட்டதானே சொன்னே; தங்கமணிதான் மூன்றாம் நபர், நாளைக்குப் பந்தலில் அவ பக்கத்துல மட்டும் உட்கார்ந்துடாதே."